ஹொண்டா சீ90 டெப்பட் அளவு: கையேடு இல்லையென்றால்

உங்கள் சீ90 மோட்டார் சைக்கிளில் டெப்பட் வைத்தும் தட்டும் சத்தம் போகவில்லை, கையேடும் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். டெப்பட் அளவு என்பது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் இடையிலான இடைவெளி. இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ., எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. வரை.

உப்புவெளியிலிருந்து ஓடிவந்து கராஜில் உடனேயே டெப்பட் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். சத்தம் அதனால்தான் போகவில்லை என்று நினைக்கிறேன். சூட்டில் வைத்த அளவு ஆறியதும் மாறிவிடும். திருகோணமலை வெயிலில் ஒரு மணித்தியாலம் நிறுத்தினால் போதாது; இரவு விட்டுக் காலையில் செய்யுங்கள்.

எஞ்சினோடு சுற்றும் சக்கரமான பிளைவீலில் உள்ள ‘டி’ (T) கோட்டைக் கவரின் கோட்டோடு நேராக்கி, இரண்டு ராக்கரையும் விரலால் அசைத்துப் பாருங்கள். ஒன்று இறுகியிருந்தால் இன்னொரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். நானே ஒருமுறை இதில் ஏமாந்தேன்.

கையேடு தேடும்போது பதிவுப் புத்தகத்தின் ஆண்டை நம்பாதீர்கள், எஞ்சின் இலக்கத்தைப் பாருங்கள். அது சீ90ஈ அல்லது எச்ஏ02ஈ என்று தொடங்கினால் மேலே சொன்ன அளவு சரி. சீ50, சீ70, சீ90 மூன்றுக்கும் சேர்த்தே ஒரு கையேடு உண்டு, அதைத் தேடினால் சுலபம். ஆனால் எங்கள் பக்கத்து வண்டிகளில் எஞ்சின் மாற்றியவை ஏராளம். வேறு எழுத்தில் தொடங்கினால் இந்த அளவை வைக்கவேண்டாம்.

அளவு சரியாக வைத்தும் தட்டுகிறதென்றால், அப்புறம் வால்வுகளை இயக்கும் கேம் தண்டைச் சுற்றும் கேம் செயினைப் பாருங்கள்.