ஹட்டனில் வீட்டிலிருந்து டோர் ரிலே (அடையாளம் மறைத்து இணையம் பார்க்க உதவும் டோர் வலையமைப்பின் போக்குவரத்தைக் கடத்திவிடும் தன்னார்வலர் கணினி) ஓட்ட ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி போதுமா?

போதும். ஆனால் கணினியைப் பார்ப்பதற்கு முன் இணைய இணைப்பைப் பாருங்கள். ரிலேக்குப் பொது ஐபிவி4 முகவரி, அப்லோட் டவுன்லோட் இரண்டிலும் குறைந்தது விநாடிக்கு 10 மெகாபிட், மாதம் ஒவ்வொரு பக்கமும் 100 ஜிபி வேண்டும். மலையகத்தில் ஃபைபர் எட்டாத தோட்டங்களில் 4ஜி ரூட்டர்தான் கதி. அதில் ஒரே பொது முகவரியைப் பலர் பகிர்வதே வழக்கம். ரூட்டரில் காட்டும் வான் (WAN, இணையப் பக்க) முகவரி 100.64 என்று தொடங்கினால் ரிலே சரிவராது. அப்போது ஸ்னோஃபிளேக் ப்ராக்ஸி ஓட்டுங்கள்; தடை உள்ள இடங்களிலிருந்து டோருக்குள் நுழைய வழிவிடும் சிறு இடைநிலை நிரல் அது. தணிக்கைக்குள் சிக்கியவர்களுக்கு அதுவும் பெரிய உதவி.

ஃபைபர் இருந்தால், பை 4-இல், டோர் பயன்படுத்தும் ஏஇஎஸ் குறியாக்கத்துக்கு வன்பொருள் உதவி இல்லை என்பதைக் கவனியுங்கள். சுமை முழுக்க சிபியூ தலையில். பை 5-இலும் இன்டெல் என்100 மினி கணினியிலும் அது உண்டு. டோரின் வேலை பெரும்பாலும் ஒரே கோரில் நடப்பதால் கோர் எண்ணிக்கைக்குக் காசு கொட்டாதீர்கள். 40 மெகாபிட்டுக்குள் 512 எம்பி ரேமே போதும்.

புதிதாக வாங்குவதென்றால் நான் என்100தான் எடுப்பேன். பல மாடல்கள் 12 வோல்ட்டில் ஓடும். ஆம்பியர் பார்த்து, ரூட்டரோடு சேர்த்து ஒரு டிசி யூபிஎஸ்ஸில் மாட்டலாம். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப்போய் வரும் ஊரில் மைக்ரோ எஸ்டி அட்டை சீக்கிரம் கெடும், எஸ்எஸ்டி போடுங்கள்.

எக்ஸிட் ரிலே (டோர் போக்குவரத்து பொது இணையத்துக்கு வெளியேறும் கடைசி ரிலே) மட்டும் வீட்டில் வேண்டாம். யாரோ செய்ததற்கு முறைப்பாடு உங்கள் முகவரிக்கு வரும்.