ஆமை பிளாஸ்டிக் செடியைக் கடிக்கிறது: தொட்டியில் எதை எடுப்பது, எதைப் போடுவது?

கேள்வி: ஐயா, மேலூர் பக்கம் நெல்லும் கொஞ்சம் தென்னையும் வைத்திருக்கிறேன். மகள் ஆசைப்பட்டாள் என்று இரண்டு வருடம் முன்பு மதுரையில் ஒரு மீன் கடையில் சின்ன ஆமை வாங்கினேன். கன்னத்தில் சிவப்புக் கோடு இருக்கும். இப்போது ஓடு 5 அங்குலம் வந்துவிட்டது. இருப்பது 2 அடி கண்ணாடித் தொட்டியில். பெல்லட் தீவனம் மூன்று வேளையும் போடுகிறோம். அப்படியும் பிளாஸ்டிக் செடி, ஃபில்டர் ஸ்பாஞ்ச், ஏறி உட்கார வைத்த தெர்மாகோல் என்று ஒன்று விடாமல் கடித்துக் குதறுகிறது. வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தேன், அடங்கவில்லை. நேற்று அதன் எச்சத்தில் பச்சைத் துணுக்கு கிடந்தது. கோழிக்குத் தண்ணீர்ப் பாத்தியில் வளர்க்கும் அசோலாச் செடியை இதற்கும் போடலாமா? இல்லை, பேசாமல் ஊர்க் கண்மாயில் விட்டுவிடலாமா?

பதில்: எச்சத்தில் பிளாஸ்டிக் வந்திருக்கிறது. மற்றதெல்லாம் அப்புறம், இதைப் படித்த கையோடு செடி, தெர்மாகோல், கடிபட்ட ஸ்பாஞ்ச் மூன்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். வெளியே வந்த துணுக்கால் இனித் தொல்லை இல்லை. உள்ளே எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதுதான் கவலை. ஒரு வாரம் தினமும் ஓர் அகலப் பாத்திரத்தில், கைக்கு இளஞ்சூடாகத் தெரியும் தண்ணீரை ஆமையின் ஓட்டில் பாதி உயரத்துக்கு ஊற்றி, அதை 20 நிமிடம் அதில் விடுங்கள். பெரும்பாலும் அதிலேயே எச்சம் போகும். தீனியைத் தொடவில்லை, எச்சமே போகவில்லை, முக்குகிறது, ஒரு பக்கம் சாய்ந்தபடி மிதக்கிறது என்றால் அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியாது. அதனால் கடிபட்ட செடியையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். கன்றுக்குட்டிக்குக் கொடுப்பது போல விளக்கெண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கெட்டுவிடும்.

வேப்பெண்ணெயையும் நிறுத்துங்கள், தண்ணீர் முழுவதையும் மாற்றுங்கள். எண்ணெய் தண்ணீருக்கு மேலே படலமாக மிதக்கும். மூச்சு விட மேலே வரும்போதெல்லாம் ஆமையின் கண்ணிலும் மூக்கிலும் அதுதான் படும்.

சரி, ஏன் கடிக்கிறது? உங்களிடம் இருப்பது சிவப்புக்காது ஆமை. சொந்த ஊர் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம், பாசியும் கொடியும் மண்டிய மந்தமான நீர்நிலைகள். குஞ்சாக இருக்கும்போது பூச்சி, புழு, தலைப்பிரட்டை என்று தின்னும். வளர வளரத் தழை பக்கம் திரும்பும். உங்கள் ஆமை இப்போது அந்தப் பருவத்தில்தான் இருக்கிறது. தழை தேடுகிற வாய்க்கு நீங்கள் பெல்லட் போடுகிறீர்கள், அது இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. மீதி நாளெல்லாம் கண்ணுக்கு எதிரே பச்சையாக ஆடுவது அந்த பிளாஸ்டிக் செடி ஒன்றுதான். ஆமைக்கு நிறம் நன்றாகவே தெரியும், பல்தான் கிடையாது. அலகால் கவ்விக் கிழித்துப் பார்த்துத்தான் எது தீனி, எது இல்லை என்று அறியும். இதைக் குறும்பு என்று எண்ணி அடக்கப் பார்க்காதீர்கள், அது மேய்ச்சலுக்கு ஏங்குகிறது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த மாடு எலும்பையும் துணியையும் மெல்லும்போது நாம் அதன் வாயையா கட்டுகிறோம்? தாது உப்பு வைக்கிறோம். இங்கேயும் அதேதான்.

அசோலாவைத் தாராளமாகப் போடுங்கள். பாத்தியில் சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டிருப்பீர்கள், அதனால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். ஒரு கை அள்ளி மிதக்க விட்டால் நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். மாலைக்குள் ஒன்றும் மிஞ்சவில்லையே என்று வருந்த வேண்டாம், அது தீர்வதற்காகவே போடுகிறோம். வாய்க்காலில் கிடைக்கும் வேலம்பாசியும் நல்லது, பிளாஸ்டிக் செடி இருந்த இடத்தில் அதை ஒரு கல்லில் கட்டி நிறுத்துங்கள். ஆனால் பக்கத்து வயலில் மருந்து அடித்திருந்தால் அந்த வாய்க்கால் பக்கமே போகாதீர்கள். செம்பருத்தி இலை, பூ, கொஞ்சம் முருங்கைக்கீரை எல்லாம் தின்னும். பாலக், தண்டுக்கீரை எப்போதாவது போதும். அவற்றில் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. பெல்லட்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதன் தலை அளவுக்கு மட்டும் போடுங்கள்.

கடிப்பதற்கென்றே ஒன்று வேண்டும் அல்லவா? நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள். கணவாய் மீனின் உள் ஓடு அது. பொடியாக வேண்டாம், முழுத் துண்டாக வாங்குங்கள். ஒரு பக்கம் இருக்கும் கெட்டித் தோட்டைச் சீவிவிட்டு மிதக்க விடுங்கள். அலகும் தேயும், சுண்ணாம்புச் சத்தும் சேரும். ஆனால் வெயில் படாவிட்டால் அந்தச் சத்து ஓட்டில் ஒட்டாது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை 7 மணிக்கு மேல் அரை மணி நேரம், பாதி நிழல் விழும் இடத்தில் அகலத் தொட்டியில் விட்டு, காக்கையும் நாயும் நெருங்காமல் வலை போட்டு மூடுங்கள். கண்ணாடித் தொட்டியை அப்படியே வெயிலில் தூக்கி வைத்துவிடாதீர்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் தண்ணீர் கொதித்து ஆமை செத்துப்போகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், 2 அடித் தொட்டி இதற்குப் போதாது. ஓட்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் ஆமைக்கு 200 லிட்டர் வேண்டும், இப்போது இருப்பது அறுபதைத் தாண்டாது. பெட்டையாக இருந்தால் ஓடு 10 அங்குலத்துக்கு மேலும் வளரும், 20, 30 வருடம் இருக்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பழைய சிமெண்ட் தொட்டி சும்மா கிடந்தால் தென்னை நிழலில் அதையே கொடுங்கள். ஏறி உட்கார, அசையாத கற்களின் மேல் ஒரு கடப்பாக் கல் போதும். அடியில் கல் போட்டால் ஒவ்வொன்றும் ஆமையின் தலையைவிடப் பெரிதாக இருக்கட்டும், சின்னக் கூழாங்கல்லை விழுங்கிவிடும். ஃபில்டர் குழாயையும் ஒயரையும் துளையிட்ட பிவிசி பைப்புக்குள் விட்டால் வாய்க்கு எட்டாது.

கண்மாயில் மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். உலக அளவில் மோசமாக ஊடுருவும் 100 உயிரினங்களின் பட்டியலில் சிவப்புக்காது ஆமையும் இருக்கிறது. நம் கண்மாய்களில் பாலாமையும் காராமையும் காலம் காலமாக இருக்கின்றன. அவை வெயில் காயும் கல்லையும் தின்னும் தீனியையும் இது பிடுங்கிக்கொள்ளும், நோயையும் கொண்டுபோகும். வளர்க்க முடியாமல் போனால் இடவசதி உள்ள வேறொருவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் வனத்துறையிடம் கேளுங்கள். அதேபோல், வயல் வரப்பில் பாலாமை தென்பட்டால் துணைக்கு ஆகும் என்று தொட்டிக்குக் கொண்டுவர வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

ஆமையைத் தொட்டால் மகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அதன் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், பார்வைக்குத் தெரியாது. தொட்டியைச் சமையலறையில் கழுவாதீர்கள். மாற்றும் தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றலாம், நல்ல உரம். கீரைப் பாத்திக்கு வேண்டாம்.