பிளஸ் டூ பிரெஞ்சில் 97. பட்டப்படிப்புக்கும் அதையே எடுக்கலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன், பிளஸ் டூவில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்துப் படித்தாள். 97 மதிப்பெண். இப்போது பி.ஏ. பிரெஞ்சுதான் படிப்பேன், சென்னைக்கோ புதுச்சேரிக்கோ அனுப்புங்கள் என்கிறாள். மதுரையிலேயே ஒரு மகளிர் கல்லூரியில் பி.காம். சீட் கிடைத்திருக்கிறது. என் கணவர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். "பிரெஞ்சு படிச்சுட்டு இங்க யார்கிட்ட பேசப் போறா?" என்று கேட்கிறார். மாமியாருக்கோ, பேத்தி தமிழை விட்டுவிட்டாளே என்று வருத்தம். ஒரே பெண். நான் யார் பக்கம் பேசுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருமங்கலம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மகள் பக்கம் பேசுங்கள். ஆனால் அந்த 97-ஐக் காரணமாகச் சொல்லிப் பேசாதீர்கள். மாமியார் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் இந்த விஷயத்தின் மையத்தைத் தொட்டிருப்பவர் அவர்தான் என்று நினைக்கிறேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் மதிப்பெண். மதுரையில் பிரெஞ்சு கற்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன். பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் மொத்த மதிப்பெண் உயரும் என்பதற்காகவே எடுக்கிறார்கள். பாடப் பகுதி சிறியது, கேள்விகள் பழகியவை, வினைச்சொல் அட்டவணைகளை மனப்பாடம் செய்தால் போதும். 95-க்கு மேல் வாங்கிய பிள்ளைகளிடம் "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று பிரெஞ்சில் கேட்டால் விழிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. தேர்வு அவர்களிடம் கேட்டது அவ்வளவுதான். ஆனால் பி.ஏ. வகுப்பில் ஆசிரியர் சீக்கிரமே பிரெஞ்சிலேயே பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார். காதில் விழுவதைப் புரிந்துகொள்ள வேண்டும், புரிந்ததை மறுத்தோ ஆமோதித்தோ பேச வேண்டும். அங்கே மனப்பாடம் கைகொடுக்காது.

ஆகவே சேர்க்கைக்கு முன்னால் ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள். ஆர்.எஃப்.ஐ. என்ற பிரெஞ்சு வானொலி, மொழி கற்பவர்களுக்காக எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தி ஒன்றை ஒலிபரப்புகிறது. இணையத்தில் இலவசமாகவே கேட்கலாம். இரண்டு வாரம் தினமும் அதைக் கேட்கச் சொல்லுங்கள். முதல் நாள் ஊர்ப் பெயர்களும் தலைவர்களின் பெயர்களும் தவிர ஒன்றும் பிடிபடாமல் போகலாம், பரவாயில்லை. நான்கு நாளில் சலித்துப்போய் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுகிறாளா, அல்லது நீங்கள் சொல்லாமலே திரும்ப ஓட்டிக் கேட்டு, விட்டுப்போன சொல்லைத் தேடுகிறாளா என்று மட்டும் கவனியுங்கள். இரண்டாவது என்றால் தயங்காமல் சேருங்கள். முதலாவது என்றால், அவளுக்குப் பிடித்தது பிரெஞ்சா, அல்லது வீட்டை விட்டு வெளியூர் போவதா என்று அவளிடம் மனம்விட்டுக் கேளுங்கள். பதினேழு வயதில் வெளியூர் போக ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அதற்கு வேறு படிப்புகளும் உண்டு.

உச்சரிப்பைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பிரெஞ்சின் மூக்கொலிகள் கஷ்டம் என்பார்கள். நாம் பேச்சில் "வந்தான்", "மரம்" என்பவற்றின் கடைசி மெய்யை விழுங்கி மூக்கால் முடிக்கிறோமே, அந்தப் பழக்கம் இங்கே நன்றாக உதவும்.

சரி, பி.ஏ.வில் என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்? முதல் ஒன்றரை, இரண்டு வருடம் மொழியே பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். அதோடு வரலாறு, இலக்கியம், ஒலியியல், மொழிபெயர்ப்பு எல்லாம் வரும். பிரெஞ்சுப் பண்பாடு என்றதும் ஐஃபில் கோபுரமும் பாலாடைக்கட்டியும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். பள்ளிப் புத்தகங்களும் அவ்வளவோடு நிறுத்திக்கொள்கின்றன. பல்கலைக்கழகத்தில் 1789 புரட்சி வரும். மதத்தையும் அரசையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டம் வரும், அதை ஒட்டி இன்றும் அங்கே நடக்கும் சண்டைகள் வரும். 1954 முதல் 1962 வரை நடந்த அல்ஜீரியப் போரும், ஆப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் கனடாவிலும் பிரெஞ்சில் எழுதும் மக்களும் வருவார்கள்.

இந்த இடத்தில் நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார ஒரு காரணம் இருக்கிறது. 1848-இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து தமிழர்களைக் கூலி ஒப்பந்தத்தில் கப்பல் ஏற்றினார்கள். இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன், கரீபியக் கடலிலுள்ள மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் இன்றும் அவர்களின் வாரிசுகள் இருக்கிறார்கள். ரீயூனியனில் முருகனுக்குக் காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள், வீட்டில் பேசுவதோ பிரெஞ்சும், அதிலிருந்து கிளைத்த கிரியோல் என்ற கலப்பு மொழியும். அந்தக் குடும்பங்களின் கதையைக் கேட்கவும் எழுதவும் பிரெஞ்சும் தெரிந்து, நம் ஊர்க் கோயில் கொடையும் தெரிந்த ஒருவர் வேண்டும். பாரிஸ்காரர் ஒருவருக்கு அதில் பாதிதான் தெரியும்.

மதுரைக்கே வருவோம். திருமலை நாயக்கர் காலத்து மதுரையைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர்கள், அக்காலத்தில் இங்கே இருந்த ஏசு சபைப் பாதிரியார்களின் கடிதங்களைப் பெரிதும் நம்புகிறார்கள். போர், பஞ்சம், அரண்மனைச் செய்திகள் எல்லாம் அவற்றில் உண்டு. பெர்த்ராந் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அந்த ஆவணங்களைத் திரட்டி, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸில் பிரெஞ்சிலேயே நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். மஹாலைச் சுற்றிப் பார்க்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேரால் அதைப் படிக்க முடியும்? அதேபோல் நம் பரிபாடல். வைகையில் புதுவெள்ளம் வருவதையும், ஊரே திரண்டு நீராடுவதையும், திருப்பரங்குன்றத்து முருகனையும் பாடும் சங்க நூல். அதை பிரான்சுவா குரோ என்ற அறிஞர் தமிழ் கற்றுப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். 1968-இல் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அதை வெளியிட்டது. 1955-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் சைவ ஆகமச் சுவடிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அங்குள்ள சைவச் சுவடித் தொகுப்பை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இப்போது உங்கள் மாமியாரின் வருத்தத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் பத்தாம் வகுப்போடு தமிழ்ப் பாடத்தை விட்டுவிட்டாள். அவளை விட நன்றாகப் பிரெஞ்சு பேசுபவர்கள் புதுச்சேரியிலேயே நிறைய. பிரெஞ்சுக் குடியுரிமையோடு, சின்ன வயதிலிருந்தே அந்த மொழியில் படித்தவர்கள் அவர்கள். டெல்லியிலும் மும்பையிலும் வசதியான பள்ளிகளில் படித்த பிள்ளைகளும் இவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். பிரெஞ்சை மட்டும் வைத்து அவர்களோடு போட்டி போட்டால் இவள் பின்தங்கித்தான் நிற்பாள். பிரெஞ்சோடு செறிவான தமிழும் கையில் இருந்தால் நிலைமை வேறு. இரண்டு மொழியிலும் ஒரு பத்தியைக் கூச்சமில்லாமல் எழுதக்கூடியவர்கள் குறைவு. பிரெஞ்சு நூல்கள் பல ஆங்கிலம் வழியாகச் சுற்றித்தான் தமிழுக்கு வந்திருக்கின்றன. வெ. ஸ்ரீராம் போன்ற சிலர் நேரடியாக மொழிபெயர்த்ததால்தான் நமக்குத் தரமான தமிழில் சில நூல்கள் கிடைத்தன.

எனவே அவளிடம் ஒரு நிபந்தனை போடுங்கள்: பிரெஞ்சு படிக்கலாம், தமிழை மீண்டும் கையில் எடுக்க வேண்டும். புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. கல்லூரி திறக்கும் வரை வாரம் ஒருநாள் பேருந்தில் போய் வரட்டும். ஸ்ரீராமும் மதனகல்யாணியும் தமிழாக்கிய 'குட்டி இளவரசன்' நூலை எடுத்து, பிரெஞ்சு மூலத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு அத்தியாயமாகப் படிக்கச் சொல்லுங்கள். மூலம் எளிய பிரெஞ்சுதான், முட்டி மோதிப் படித்துவிடலாம். மாலையில் அந்த அத்தியாயத்தின் கதையைப் பாட்டியிடம் தமிழில் சொல்லட்டும். பாட்டிக்குப் புரியாத இடமெல்லாம் இவளுக்கும் சரியாகப் புரியாத இடமாகத்தான் இருக்கும்.

அடுத்து உங்கள் கணவரின் கேள்வி. அது நியாயமான கேள்வி. மதுரையில் பிரெஞ்சுக்கு வேலை கொஞ்சம்தான். சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆசிரியர் வேலை உண்டு. அடுத்து சுற்றுலா. பிரெஞ்சுப் பயணிகள் குழுவாக வரும் வழக்கமான பாதை மாமல்லபுரம், புதுச்சேரி, தஞ்சாவூர், செட்டிநாடு, மதுரை, பிறகு தேக்கடி என்று போகும். மீனாட்சி கோயிலின் கருவறைப் பக்கம் போக முடியாத பயணிகளுக்கு, உள்ளே நடப்பதை வெளியே நின்று அவர்கள் மொழியிலேயே விளக்குகிறவருக்கு நல்ல மதிப்பு உண்டு. ஆனால் அது குளிர்கால வேலை, கோடையில் வருமானம் இருக்காது. மாதச் சம்பளம் வேண்டும் என்றால் சென்னை, பெங்களூரு நிறுவனங்களில் பிரெஞ்சு வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் பிரிவுகளும் மொழிபெயர்ப்புப் பணிகளும் இருக்கின்றன. சாதாரண மொழிபெயர்ப்பை இப்போது கணினியே செய்துவிடுகிறது. ஆகவே மேலோட்டமாக மொழி தெரிந்தவர்களுக்கு இனி அங்கே இடம் குறையும், ஆழமாகத் தெரிந்தவர்களே நிற்பார்கள். எம்.ஏ. முடித்தால் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வைப் பிரெஞ்சுப் பாடத்திலேயே எழுதலாம்.

இதிலிருந்து தெரிவது என்னவென்றால், பிரெஞ்சுக்குச் சம்மதிப்பது, மகள் நாளை வேறு ஊரில் வாழப்போகிறாள் என்பதற்கும் சேர்த்துச் சம்மதிப்பதுதான். கணவரோடு இதை இப்போதே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். மூன்று வருடம் படிக்கவைத்துவிட்டு, "மதுரையிலேயே வேலை பார்" என்று சொல்வது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

எங்கே சேர்ப்பது? சென்னை லயோலா கல்லூரியில் பிரெஞ்சு இலக்கியத்தில் பி.ஏ. இருக்கிறது. புதுச்சேரி அரசுக் கல்லூரிகளிலும் உண்டு, வெளிமாநில மாணவர்களுக்கு எத்தனை இடம் என்று முதலில் விசாரியுங்கள். ஹைதராபாதில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமும் டெல்லியில் ஜே.என்.யு.வும் இந்தப் படிப்பில் பெயர் பெற்றவை. ஜே.என்.யு.வுக்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். அதற்கான விண்ணப்பம் பள்ளித் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடும்.

வானொலிப் பரிசோதனையில் ஆர்வம் அரைகுறையாகத் தெரிந்தால் பி.காம். வழியும் மோசமில்லை. மதுரைக் கல்லூரிகள் சிலவற்றில் பகுதி 1 மொழியாகப் பிரெஞ்சு இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு வெளியே டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித்தகுதித் தேர்வுகளை எழுதிக்கொண்டே போகலாம். வேறு பட்டம் படித்தவர்களையும் தகுந்த மொழிச் சான்றிதழ் இருந்தால் எம்.ஏ. பிரெஞ்சில் சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஆனால் கணக்குப் பதிவியல் பிடிக்காத பெண்ணை, பாதுகாப்பு என்று சொல்லி அதில் உட்காரவைக்காதீர்கள். இரண்டும் அரைகுறையாகிவிடும்.

எந்த வழியில் போனாலும் டெல்ஃப் அவசியம். பிரெஞ்சுக் கல்வி அமைச்சகத்தின் பெயரில் தரப்படும் இந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண், தேர்ச்சிக்கு மொத்தம் 50 வேண்டும், எதிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. உங்கள் மகள் தொடக்க நிலையான ஏ1-ஐ விட்டுவிட்டு நேராக அடுத்த நிலையான ஏ2 எழுதலாம், அதற்குத் தடை இல்லை. வேலைக்கும் பிரான்ஸில் மேற்படிப்புக்கும் பொதுவாகக் கேட்பது அதைவிட உயர்ந்த பி2 நிலை. ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து அதை எட்ட சுமார் 500, 600 மணி நேரம் பிடிக்கும் என்பது கணக்கு. கல்லூரி வகுப்பு நேரம் மட்டும் போதாது. சென்னையிலும் புதுச்சேரியிலும் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையங்களில் டெல்ஃப் எழுதலாம். புதுச்சேரிக் கிளை 1889-இலிருந்து இயங்குகிறது, நூலகமும் உண்டு.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பிரெஞ்சு படிக்கிறாள் என்று தெரிந்ததும், "பிரான்ஸில் சீட் வாங்கித் தருகிறோம்" என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜெண்டுகள் தேடி வருவார்கள். பணம் கட்டாதீர்கள். மேற்படிப்பு விவரங்களுக்கு பிரெஞ்சு அரசின் காம்பஸ் பிரான்ஸ் அமைப்பு இருக்கிறது, இந்திய மாணவர்களுக்கென்றே பிரெஞ்சுத் தூதரகம் தரும் ஷார்பாக் உதவித்தொகையும் இருக்கிறது. விண்ணப்பங்களை உங்கள் மகளே பூர்த்தி செய்துகொள்ளலாம். அதெல்லாம் பி.ஏ. மூன்றாம் ஆண்டில் யோசிக்க வேண்டியது. இந்த மாதம் ஹாஸ்டல் வசதியை நேரில் போய்ப் பாருங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தத் துறையின் பேராசிரியர் ஒருவரைச் சந்தித்து, போன வருடம் முடித்த மாணவிகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவரே கேட்கட்டும்.