தெப்பத்தை இரவில் எடுக்க டிரைபாடா, லென்ஸா?

தைப்பூசத் தெப்பத்தை இரவில் எடுக்க, கையிலிருக்கும் 18-55 எம்.எம். ஜூம் லென்ஸோடு ஒரு டிரைபாட் வாங்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. டிரைபாட் கேமராவை ஆடாமல் பிடிக்குமே தவிர, நகரும் தெப்பத்தை நிறுத்தாது. மைய மண்டபம் துல்லியமாக விழும். தெப்பமோ வெறும் ஒளிக்கோடாக இழுபடும். அந்தக் காசில் 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் வாங்குங்கள். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். உங்களுடையது 55 எம்.எம்.-இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும். புது லென்ஸோ ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஷட்டர் 1/125 நொடி, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 1600 என்று தொடங்கிப் பாருங்கள். மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தின் சுற்றுச்சுவர்மேல் துண்டை மடித்துப் போட்டுக் கேமராவை வைக்கலாம். அன்றைய நெரிசலில் மூன்று காலையும் விரித்தால் வசவுதான் மிஞ்சும். பிற்பாடு டிரைபாட் வாங்கினால், நடுக்கம்பை உயர்த்தாமலே கண் மட்டத்துக்கு வருவதாகப் பாருங்கள்.