தோப்பில் கொட்டப்பட்ட மருத்துவமனைக் கழிவு: யார் பொறுப்பு, எங்கே வழக்கு?

கேள்வி: செங்கோட்டை வட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய புளியரை சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம், எனக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு உள்ளது. லாரி நிறுத்த இடம் வேண்டுமென்று கேட்ட ஒருவருக்கு அதன் சாலையோரப் பகுதியைப் பதினோரு மாதக் குத்தகைக்கு விட்டேன். சென்ற வாரம் போய்ப் பார்த்தபோது நாற்பது, ஐம்பது மூட்டைகள் கிடந்தன. பிரித்த மூட்டைகளில் ஊசி, கையுறை, டிரிப்ஸ் குழாய், மலையாளத்தில் அச்சிட்ட பரிசோதனைச் சீட்டுகள் இருந்தன. குத்தகைக்காரர் போனை எடுப்பதில்லை. ஊராட்சியிலிருந்து அப்புறப்படுத்தச் சொல்லி என் பெயருக்கு அறிவிப்பு வந்துள்ளது. எரித்துவிடலாமா? வழக்குப் போடுவதென்றால் கேரளத்துக்குப் போக வேண்டுமா?

பதில்: எரிக்க வேண்டாம், ஐயா, குழி தோண்டிப் புதைக்கவும் வேண்டாம். குளோரின் கலந்த பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரித்தால் டையாக்சின் போன்ற நச்சுகள் வெளிப்படும் என்பது ஒரு காரணம். வழக்கறிஞராக நான் அதிகம் அஞ்சுவது இன்னொன்றுக்கு: அந்த மூட்டைகள்தான் உங்கள் சாட்சி. எரித்த மறுகணமே கழிவு எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம் அழிந்துவிடும். எரித்தவர் என்ற பழி மட்டும் உங்கள் பேரில் நிற்கும்.

பொறுப்பு யாருடையது என்பதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016, பொறுப்பாளர் என்று குறிப்பிடுவது கழிவை உண்டாக்கும் மருத்துவமனையையோ ஆய்வகத்தையோ நிர்வகிப்பவரை. கழிவு வந்து விழுந்த நிலத்தின் பட்டாதாரரை அல்ல. முறையற்ற கையாளுதலால் சுற்றுச்சூழலுக்கும் பொதுமக்களுக்கும் நேரும் எல்லாச் சேதத்துக்கும் அந்த நிர்வாகியும், கழிவைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தை நடத்துபவரும் பொறுப்பு என்று 18-ஆவது விதி சொல்கிறது. இவை மத்திய விதிகள் என்பதால் கேரள எல்லையோரமுள்ள ஆரியங்காவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே சட்டம்தான். 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது மாறியது மாநில எல்லை. மருத்துவமனை தன் கழிவுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எந்த எல்லையிலும் நின்றுவிடுவதில்லை.

"நாங்கள் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட்டோம், அவர் செய்ததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு?" என்பதே இத்தகைய வழக்குகளில் மருத்துவமனைகள் வழக்கமாகச் சொல்லும் பதில். இந்த வாதத்துக்கு வலு குறைவு. விதிகளின்படி உடல் உறுப்புகள், இரத்தம் தோய்ந்த பஞ்சு, காலாவதியான மருந்துகள் மஞ்சள் பையிலும், குழாய், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சு போன்றவை சிவப்புப் பையிலும், ஊசியும் கத்தியும் துளைபடாத வெள்ளைப் பெட்டியிலும், கண்ணாடி நீலப் பெட்டியிலும் சேர வேண்டும். பைகளில் பார்கோடு இருக்க வேண்டும். உடல் உறுப்பு, இரத்தக் கறை படிந்த கழிவு போன்றவற்றைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அனுமதி பெற்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தவிர வேறு யாரிடமும் ஒப்படைக்கவும் கூடாது. உங்கள் தோப்பில் சாதாரணச் சாக்கில் எல்லாம் கலந்து கிடக்கிறது என்றால், விதிமீறல் லாரியில் ஏற்றும் முன்பே, மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது. ஆகவே மூட்டைகளின் நிறத்தையும், பார்கோடு இருந்தால் அதையும் தெளிவாகப் படமெடுத்து வையுங்கள். படமெடுத்த கைபேசியை மாற்றவோ விற்கவோ வேண்டாம். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவு சான்றிதழ் கேட்கும். மூலக் கருவி கையில் இருந்தால் அதைத் தருவது எளிது.

சீட்டுகளில் நோயாளிகளின் பெயரும் நோயும் இருக்கும். கழிவின் மூலத்தைக் காட்ட அவற்றைவிட வலுவான ஆதாரம் இல்லை. ஆனால் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவற்றைப் போட்டுவிடாதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017-இல் தீர்ப்பளித்துள்ளது. பாவம், அந்த நோயாளிகளும் உங்களைப் போலவே இதில் பாதிக்கப்பட்டவர்கள். சீட்டுகளை அதிகாரியிடம் மட்டும் காட்டுங்கள்.

அடுத்து, எழுத்துப்பூர்வமான புகார். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், உங்கள் காவல் நிலையம், கிராம நிர்வாக அலுவலர் ஆகிய மூவரிடமும் ஒரே நாளில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வெறும் பொதுத் தொல்லை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய தண்டனைச் சட்டம்) 292-ஆவது பிரிவில் பதிந்தால் அதிகபட்சத் தண்டனை 1,000 ரூபாய் அபராதம். லாரி வாடகைக்குக்கூடக் காணாது. உயிருக்கு ஆபத்தான தொற்றைப் பரப்பக்கூடிய அலட்சியச் செயலுக்கு ஆறு மாதம் வரை சிறை விதிக்கும் 271-ஆவது பிரிவைப் புகாரிலேயே குறிப்பிட்டுக் கேளுங்கள். வழக்குப் பதியாமல் சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) அனுப்பிவிட்டால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)-ஆவது பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகாரை அனுப்பலாம். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம்.

ஊராட்சியின் அறிவிப்புக்குப் பதில் அளிக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். உங்கள் வழக்கில் பலவீனமான இடம் குத்தகைதான். தெரிந்தும் அனுமதித்தார், பணத்துக்காக இடம் கொடுத்தார் என்ற கேள்வி வரும். சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் பொதுத் தொல்லை ஆகலாம். எனவே எந்த நாளில் பார்த்தீர்கள், அன்றே யாரிடம் சொன்னீர்கள், எதற்காக இடத்தை விட்டீர்கள் என்பதைக் குத்தகைப் பத்திரம், வங்கியில் பணம் வந்த பதிவு, தெரிந்த லாரி எண்கள் ஆகியவற்றோடு எழுதிக் கொடுங்கள். குத்தகைதாரருக்கும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் அறிவிப்பு அனுப்புங்கள். போன் எடுக்காதவர் வாங்க மறுத்தாலும், திரும்பி வந்த உறை உங்களுக்கு உதவும்.

வழக்குக்குக் கேரளம் போக வேண்டியதில்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. தமிழ்நாடு, கேரளம் இரண்டும் அதன் எல்லைக்குள் வருகின்றன. 2010-ஆம் ஆண்டின் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி இழப்பீடும், நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் உத்தரவும் கேட்கலாம், காலவரம்பு ஐந்தாண்டு. இழப்பீடு கேட்காவிட்டால் கட்டணம் 1,000 ரூபாய். கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது 1,000. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையைத் தீர்ப்பாயம் பின்பற்ற வேண்டும் என்று 20-ஆவது பிரிவே சொல்கிறது. அந்தக் கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் உறுதிப்படுத்தியது நம் வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் கழிவு தொடர்பான வழக்கில்தான். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் கோடகநல்லூர், நடுக்கல்லூர் பகுதிகளில் இதே போன்ற கழிவு கண்டுபிடிக்கப்பட்டபோது, மூன்று நாட்களுக்குள் அள்ளிச் செல்லுமாறு தென் மண்டல அமர்வு கேரளத்துக்கு உத்தரவிட்டது. லாரிகள் வந்து ஏற்றிச் சென்றன. உங்கள் மனுவில் முதல் பக்கத்திலேயே இதைச் சுட்டிக்காட்டலாம்.

சிறைத் தண்டனை கிடைக்குமா என்று பலரும் கேட்கிறார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு 2023-இல் திருத்தப்பட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் விதிமீறலுக்குச் சிறைக்குப் பதிலாக 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம்தான். பெரிய மருத்துவமனைக்கு இது செலவுக் கணக்கில் ஒரு வரி என்பது என் கருத்து. அந்தக் குறையை ஈடுகட்டுவது போலத் தமிழ்நாடு 2025-இல் குண்டர் தடுப்புச் சட்டத்தை உயிரி மருத்துவக் கழிவு கொட்டுவோருக்கும் நீட்டித்தது. அந்தச் சட்டம் தரும், விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்துவைக்கும் அதிகாரத்தை அரசமைப்பின் 22-ஆவது பிரிவு கடும் நிபந்தனைகளோடுதான் அனுமதிக்கிறது. ஆவணத்தில் பிழை இருந்தால் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிடலாம். பெரும்பாலும் சிக்குவதும் ஓட்டுநராகவே இருக்கும். உங்கள் நிலம் சுத்தமாவதற்கு அது உதவாது. தீர்ப்பாய மனுவையே முதன்மையாகக் கொள்ளுங்கள்.

அதுவரை தேங்காய் வெட்ட வருபவர்களை அந்தப் பக்கம் விடாதீர்கள். கிணற்று நீரையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். யாருக்காவது ஊசி குத்திவிட்டால் இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே தென்காசி அரசு தலைமை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும். எங்கே, எந்தக் கழிவிலிருந்து குத்தியது என்பதை வெளிநோயாளர் சீட்டில் எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். இழப்பீடு கேட்கும்போது அந்தச் சீட்டும் மனுவோடு போகும்.