ஃபைக்கஸ் போன்சாயில் இலை மடங்கி, எறும்பும் ஏறினால்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்கிறோம். சிட்டவுட்டில் (வீட்டு முன் திண்ணையில்) வைத்திருக்கும் ஃபைக்கஸ் (ஆல், அத்தி இன மரம்) போன்சாயில் கொழுந்து இலைகள் இரண்டாக மடிந்துகொள்கின்றன. கிளைக் கவட்டில் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ இருக்கிறது, இலையெல்லாம் பிசுபிசுப்பு, எறும்பு வேறு. வேப்பெண்ணெய் இரண்டு தடவை அடித்தும் போகவில்லை. வலுவான மருந்து ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: வலுவான மருந்துக்கு இப்போது அவசியம் இல்லை. உங்கள் மரத்தில் இரண்டு தனித்தனித் தொல்லைகள் இருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே மருந்தை மேலாக அடித்ததால்தான் இரண்டும் போகவில்லை.

முதலில் மடிந்த இலை. ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே கறுப்பாக மெல்லிய பூச்சியும் மஞ்சள் குஞ்சுகளும் ஓடினால் அது இலைப்பேன். கொழுந்தில் சாறு உறிஞ்சி, இலையை மடிய வைத்து, அதற்குள்ளேயே குடியிருந்து முட்டையும் போடும். வெளியே அடிக்கும் வேப்பெண்ணெய் அந்த மடிப்புக்குள் எங்கே போகும்? மடிந்த இலை எல்லாவற்றையும் காம்பை மட்டும் விட்டு வெட்டி, கவரில் போட்டுக் கட்டி, குப்பையில் சேருங்கள், தொட்டிக்கு அடியில் போட வேண்டாம். மரம் தெம்பாக இருந்தால் பயப்படத் தேவையில்லை, ஃபைக்கஸ் மறுபடி துளிர்த்துவிடும். அந்தத் துளிர் வரும்போதுதான் வேப்பெண்ணெய்க்கு வேலை.

பஞ்சு போல இருப்பது மாவுப்பூச்சி. பிசுபிசுப்பு அதன் கழிவு, எறும்பு வருவது அந்த இனிப்புக்காக. எறும்பு சும்மா குடித்துவிட்டுப் போவதில்லை, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டு மாதிரி நல்ல பூச்சிகளையும் விரட்டிவிடும், அதனால் எறும்பை நிறுத்தாமல் எத்தனை தடவை மருந்து அடித்தாலும் திரும்ப வரும். தொட்டியை ஸ்டாண்டில் ஏற்றி, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். கிளை சுவரைத் தொட்டால் அந்த வழியாக ஏறிவிடும், அதையும் கவனியுங்கள். கொசு முட்டையிடாமல் இருக்க கிண்ணத்துத் தண்ணீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற்றிவிட்டு மாற்றுங்கள்.

போன்சாயில் நமக்குள்ள பெரிய வசதியே மரம் சின்னது என்பதுதான், தென்னையில் நினைத்தும் பார்க்க முடியாத வேலையை இங்கே கையாலேயே முடிக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, காதுகுடையும் பஞ்சில் நனைத்து, பூச்சியை ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். கவட்டுக்கும், வடிவத்துக்காகக் கம்பி சுற்றிய இடத்துக்கும் பழைய டூத் பிரஷ். அப்புறம்தான் ஸ்ப்ரே: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அதில் ஒன்றிரண்டு மில்லி திரவ சோப்பை முதலில் குழைத்துவிட்டுத் தண்ணீர் சேருங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். ஓரிரு இலையில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

நம் குமரி மாவட்டத்துக்கு ஜூன் மழையும் உண்டு, அக்டோபர் மழையும் உண்டு. மரம் வெளியில் இருந்தால் மழை இல்லாத நாளாகப் பார்த்து அடியுங்கள், அடித்த கையோடு மழை பெய்தால் அத்தனையும் வீண். உங்கள் மரத்துக்குச் சிட்டவுட்டில் வெயிலும் இல்லை, மழையும் படுவதில்லை, பூச்சிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்பேன். காலை வெயில் படும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். கடலைப் புண்ணாக்கு ஊற்றுகிறீர்கள் என்றால் குறையுங்கள், தழைச்சத்து கூடினால் இளந்தளிர் மளமளவென்று வரும், பூச்சிக்கும் அதுதான் விருந்து.

ஒரு மாதத்துக்குப் பிறகும் மரம் வாடலாகவே இருந்தால் தொட்டியிலிருந்து மெதுவாகக் கிளப்பி வேரைப் பாருங்கள். வேரிலும் வெள்ளை மாவு இருந்தால் பழைய மண்ணைக் கழுவி எடுத்துவிட்டுப் புது மண்ணில் வைக்க வேண்டும். அப்படியும் அடங்காவிட்டால் பாதித்த இலையை ஒரு கவரில் போட்டு, திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிவிட்டு மருந்து வாங்குங்கள்.