வாட்ச் பின்மூடிய வீட்டுலயே தொறக்கலாமுங்களா?

பல்லடம் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்காருங்க: "அப்பாரு கட்டிட்டிருந்த குவார்ட்ஸ் வாட்ச் நின்னுபோச்சுங்கண்ணா, செல்லு மாத்துனா ஓடும்னு நெனைக்கறேன், பின்மூடிய கத்தியில நெம்பிப் பாத்தேன் வரல, வீட்டுலயே தொறக்க வழி இருக்குதுங்களா?"

இருக்குதுங்க தம்பி, ஆனா கத்திய மொதல்ல கீழ வைங்க. மூடி என்ன ரகம்னு பாக்காம நெம்பவே கூடாது. திருகு மூடிய நெம்புனா அது எந்த ஜென்மத்துக்கும் வராது, மூடி விளிம்பும் கேஸோட மரையும்தான் கெட்டுப்போகும்.

அதுக்கும் முந்தி சாவி, அதாவது டைம் மாத்த திருப்பற குமிழு, வெளிய இழுத்தாப்ல இருக்குதான்னு பாருங்க. இழுத்திருந்தா நெறைய வாட்சுல நொடி முள்ளு நின்னுரும், செல்லு நல்லாத்தான் இருக்கும், இதுக்கே கடைக்கு வர்றவங்க உண்டு. நிக்கறதுக்கு முன்னால நொடி முள்ளு ரெண்டு நொடி நாலு நொடின்னு தாவித் தாவி போயிட்டிருந்துச்சுன்னா அது செல்லு தீரப்போகுதுங்கற அடையாளம்ங்க.

இப்ப மூடி. வட்டமா ஆறு குழியோ இன்னும் எச்சாவோ விளிம்புல வெட்டியிருந்தா அது திருகு மூடி, அதைத் திருப்பறதுக்குன்னு தனி ஸ்பேனர் இருக்குது, இல்லீன்னா நல்லா பிடிக்கற ரப்பர் பந்த மூடி மேல அழுத்தி இடப்பக்கமா திருப்புங்க, ரொம்ப இறுகாம இருந்தா அதுலயே வந்துரும். நாலு குட்டி ஸ்க்ரூ இருந்தா சரியான அளவு ஸ்க்ரூடிரைவர் வேணும், கேசியோ எஃப்-91டபிள்யூ இந்த ரகம்தான், அதுல சிஆர்2016 செல்லு. ஒண்ணுமே இல்லாம வழவழன்னு இருந்தா அமுக்கு மூடி, உங்களுது இதுவாத்தான் இருக்கும்.

அமுக்கு மூடியில விளிம்பச் சுத்தி எங்கயாச்சும் ஒரு எடத்துல மெல்லிசா ஒரு உதடோ பள்ளமோ இருக்கும். லென்ஸ் வெச்சு வெளிச்சத்துல அதைக் கண்டுபிடிக்கறதுதான் பாதி வேலை. ஸ்ட்ராப்ப கழட்டிருங்க, கேஸ் ஓரத்துல டேப் ஒட்டிக்குங்க, வாட்ச் மூடி தொறக்கறதுக்குன்னே இருக்கற கத்திய அந்த உதட்டுல வெச்சு கட்டைவிரல முட்டுக் குடுத்து ரவ்வூண்டு திருப்புங்க, குத்தி உள்ள தள்ளாதீங்க. உள்ள காயில்னு ஒண்ணு இருக்குது, தலைமுடிய விட மெல்லிசான செப்புக் கம்பி, கத்தி முனையோ இடுக்கி முனையோ பட்டு ஒரு எழ அறுந்தாலும் மெஷின் ஓடாது, செல்லுக்குச் செலவு பண்ணப் போயி மெஷினுக்கே செலவு பண்ண வேண்டியதாயிரும்.

தறி ஓடற வீட்டுல தொறக்காதீங்க, பறக்கற பஞ்சு நேரா சக்கரத்துல போயி உக்காந்துக்கும். ஆடிக் காத்துல ஜன்னலைத் தொறந்து வெச்சுட்டும் வேண்டாமுங்க, ஃபேனையும் நிறுத்திருங்க.

பழைய செல்லு மேல இருக்கற நம்பரைப் பாத்து அதையே வாங்குங்க. 377ன்னா எஸ்ஆர்626, 364ன்னா எஸ்ஆர்621, ரெண்டும் 6.8 மி.மீ. அகலம்தான் ஆனா கனம் 2.6, 2.1 மி.மீ.ன்னு மாறும், கனமானதைப் போட்டா மூடி மூடாது. எல்ஆர்னு ஆரம்பிக்கறது வெலை கம்மியான அல்கலைன், வாட்சுக்கு 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடே போடுங்க, அது தீர்ற வரைக்கும் வோல்ட் பெருசா எறங்காது. எடுக்கப் போட பிளாஸ்டிக் இடுக்கி நல்லது.

தொறக்கறது சுளுவுங்க, மூடறதுலதான் எச்சா வாட்ச் போகுது. மூடியோட உள்விளிம்புல ஒரு எடத்துல வெட்டு விட்டிருந்தா அது சாவித்தண்டுக்கு நேரா உக்காரணும், தப்பி வெச்சு அமுக்குனா தண்டே வளைஞ்சுரும். ரப்பர் வாஷர் முறுக்காம பள்ளத்துல படுத்திருக்கணும், மெஷினச் சுத்தி இருக்கற பிளாஸ்டிக் வளையமும் எந்திரிச்சு நிக்கக்கூடாது. அப்பறம் மடிச்ச துண்டு மேல கண்ணாடி கீழ பாக்கற மாதிரி வெச்சு ரெண்டு கட்டைவிரலால ஓரமா அமுக்குங்க, டக்குன்னு ஒரு சத்தம் வரணும். வரலீன்னா மறுபடி வாஷரப் பாருங்க, அப்பவும் வரலீன்னா விட்டுருங்க. சுத்தியல்ல தட்டறது, பட்டறை வைஸ்ல குடுத்து இறுக்கறது ரெண்டும் வேண்டவே வேண்டாம், கண்ணாடி தெறிச்சுரும். கடையில பிரஸ்னு ஒரு கருவி இருக்குது, அதுல கண்ணாடிய விட்டுட்டு கேஸ் விளிம்பு மேல மட்டும் பாரம் விழற மாதிரி அச்சு போட்டு ஒரு நிமிசத்துல மூடிக் குடுத்துருவாங்க, மூடிய ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, வெக்கப்பட ஒண்ணுமில்லீங்க.

வாஷர் காஞ்சு வெடிச்சிருந்தா மாத்தியே ஆகணும். மாத்துனாலும் கடையில பிரஷர் டெஸ்ட் பண்ணாம தண்ணியில எறக்காதீங்க, 3 பார்னு எழுதியிருக்கறது கை கழுவறப்ப தெறிக்கற தண்ணிக்குத்தான், கெணத்துல குதிக்கறதுக்கு இல்லீங்க. டைவிங் வாட்ச், வெலை கூடுன வாட்ச் எல்லாம் வீட்டுல தொறக்கற சோலியே வேண்டாம்ங்கறதுதான் என்னோட கருத்து.

எடுத்த பழைய செல்ல மேசையில அப்படியே போட்டுராதீங்க, டேப் சுத்தி கொழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க. முழுங்கி அது தொண்டைக்குழாயில சிக்கிக்கிச்சுன்னா, அதுலயும் சிஆர்2016 மாதிரி பெரிய லித்தியம் செல்லுன்னா, ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உள்ள வெந்து புண்ணாயிரும். வாந்தி எடுக்க வைக்காம நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க.